கூந்தன்குளம்: சட்டத்துக்கு முந்தின சரணாலயம்

எங்க சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலி போய், அங்கிருந்து மூலைக்கரைப்பட்டி வழியா இன்னும் சுமார் 35 கி.மீ. போனா கூந்தன்குளம். கரிசக்காடும் மானாவாரிக் கம்மாயும் பார்த்தே வளர்ந்தவனுக்கு, நாங்குநேரி வறண்ட பூமிக்கு நடுவே இப்படி ஒரு குளமான்னு ஆச்சரியம்தான்.

குளத்துக்குள்ளே நிற்கிற கருவேல மரங்களில் கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன்னு கூட்டம் கூட்டமாகக் கூடு. தண்ணீரில் பூநாரை. இமயமலையையே தாண்டி வரும் வரித்தலை வாத்தும் உண்டு, ஆனா அது இங்கே கூடு கட்டாது. விருந்தாளி மட்டும்தான்! டிசம்பர், ஜனவரியில் வந்து குஞ்சு பொரிக்கிற பறவைகள் ஜூன், ஜூலையில் கிளம்பிடும். ஊருக்குள்ளே போனா வீட்டு மரங்களிலும் கூடுகள். கீழே ஆட்கள் நடமாட்டம், மேலே குஞ்சுகளின் சத்தம்.

இப்போ கொஞ்சம் வரலாறு. அரசு இதைச் சரணாலயமா அறிவிச்சது 1994-ல், பரப்பு 129.33 ஹெக்டேர். ஆனா 1961-லேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இங்கே கூழைக்கடா கூடு கட்டுவது பற்றிக் குறிப்பு வந்தாச்சு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே 1972-ல்தான் வந்தது. அதுவரைக்கும் காவல் யாரு? ஊர்க்காரங்கதான்.

பறவை வந்தா ஊர் செழிக்கும்னு நம்பிக்கை. அதனால் இங்கே வேட்டு போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்திருக்காங்க. இதில் விவசாயிக்கு ஒரு கணக்கும் இருக்கு: பறவை எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரம். புற்றுமண்ணைப் பிரசாதமா வாங்கிப் பூசுகிற ஊர்க்காரன் நான், பக்தி ஒரு உயிரைக் காப்பாத்தும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனா பக்தியோடு பலனும் சேர்ந்தாத்தான் அது தலைமுறை தாண்டி நிற்குதுன்னு தோணுது.

2022-ல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிச்சாச்சு. சந்தோஷம்தான். ஆனா மழை பொய்த்து, மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் வந்து சேரலைன்னா, எந்தப் பட்டியலைக் காட்டியும் பறவையைக் கூப்பிட முடியாது. பழைய வீட்டை இடிச்சு மாடி கட்டும்போது வாசல் மரம் தப்பிக்கணும்னா, வீட்டுக்காரர் மனசு வைக்கணும். குளத்துக்குச் சட்டம் இருக்கு. வாசல் மரத்துக்கு இன்னைக்கும் ஊர்தான் சட்டம்.

பி.கு: போறவங்க விடியக்காலையில் போங்க. காரில் பாட்டுச் சத்தம் வேண்டாம், ப்ளீஸ்.