பொத்தானும் திரையும்: கார்களின் 40 ஆண்டுக் கதை

போன மழையில் பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து காரை மேலே ஏற்றியதும் முன்கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. பழைய காரில் கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும். புதிய காரில் திரையைத் தொட்டு, ஏ.சி. பக்கத்தைத் திறந்து, அதற்குள் தேட வேண்டும். ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் தேடினேன்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1986-லேயே அமெரிக்காவின் பியூக் நிறுவனம் தன் ரிவியெரா காரில் தொடுதிரை வைத்தது. பழைய டி.வி. போல பிக்சர் டியூப், பச்சை எழுத்துகள், ரேடியோ, ஏ.சி. எல்லாம் அதற்குள். சாலையைப் பார்ப்பதா, திரையைப் பார்ப்பதா என்று குறைகள் எழுந்தன. 1990 மாடலில் பொத்தான்கள் திரும்பி வந்தன.

2012-ல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்தது. மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் போயின. காரணம் அழகு மட்டுமல்ல, செலவும்தான். ஒவ்வொரு பொத்தானையும் தனியாகச் செய்து, வயர் இழுத்து, பொருத்த வேண்டும். திரையிலோ மென்பொருளே பொத்தானை வரைந்துவிடும். ரிவர்ஸ் கேமராவுக்கு எப்படியும் ஒரு திரை தேவைப்பட்டது. அமெரிக்காவில் 2018 முதல் புதிய கார்களில் அந்தக் கேமரா கட்டாயம்.

2022-ல் 'வி பிலேகரே' என்ற சுவீடன் கார் இதழ் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே ரேடியோ, சீட் ஹீட்டர் போன்ற சில வேலைகளைச் செய்ய வேண்டும். பொத்தான்கள் உள்ள 2005 வால்வோ வி70 காரில் 10 வினாடியில் முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. கடைசி இடம் பெற்ற எம்ஜி மார்வெல் ஆர் காருக்கு 44.9 வினாடி, 1,372 மீட்டர் ஆனது.

காற்று இப்போது திசை மாறுகிறது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் பாதுகாப்பு மதிப்பீட்டில், 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தானோ லீவரோ இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும். ஃபோக்ஸ்வாகனும் முக்கியப் பொத்தான்களைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்துள்ளது.

வரைபடத்துக்கும் ரிவர்ஸ் கேமராவுக்கும் திரைதான் வசதி. ஆனால் நம் வளாகத்துக்குள் 20 கி.மீ. வேகத்தில் வந்தாலும், 3 வினாடி திரையைப் பார்த்தால் கார் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். மாலையில் அந்த வழியில்தான் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

அடுத்த முறை டெஸ்ட் டிரைவ் போகும்போது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் வைப்பரையும் கண்ணாடி ஆவி நீக்கியையும் போட முடிகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே திரை உள்ள கார் என்றால், ஏ.சி.யையும் பாட்டையும் பார்க்கிங்கிலேயே சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள்.