மலையும் படியும் குடையும்: திருக்கடிகையின் அமைப்பு உணர்த்துவது

திருக்கடிகை என்று ஆழ்வார்களின் திருவாக்கில் வழங்கும் சோளிங்கபுரம், மூன்று திருக்கோயில்களால் ஆன ஒரே திவ்யதேசம். சுமார் 750 அடி உயரமுள்ள பெரிய மலையில், 1305 படிகளுக்கு மேலே, யோக நரஸிம்ஹனும் அம்ருதவல்லித் தாயாரும் எழுந்தருளியிருக்கின்றனர். 406 படிகள் கொண்ட சின்ன மலையில், சங்கும் சக்கரமும் ஏந்திய நான்கு திருக்கைகளோடு யோக ஆஞ்சநேயர் பெருமானையே நோக்கி வீற்றிருக்கிறார். உத்ஸவரான பக்தோசிதப் பெருமாளோ மலையில் இல்லை. ஊரின் நடுவே தனிக்கோயில் கொண்டுள்ளார்.

இப்பிரிவை வெறும் வசதி என்று தள்ளுவதற்கில்லை. பரத்வம், ஸௌலப்யம் என்று வ்யாக்யாதாக்கள் பிரித்துக் காட்டும் இரு குணங்களும் இங்கே நிலத்திலேயே வகுக்கப்பட்டுள்ளன. ஏற முடிந்தவனுக்கு மலை. ஏற முடியாதவனுக்கு வீதி.

இதன் உட்பொருளை வாழ்ந்து காட்டியவர் 16-ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் எழுந்தருளியிருந்த தொட்டாசார்யர். ஸ்வாமி தேசிகனின் சததூஷணிக்குச் சண்டமாருதம் என்னும் உரை இயற்றியவர். ஆண்டுதோறும் காஞ்சி வரதனின் வைகாசிக் கருடஸேவைக்குச் சென்று வந்த அவரால் ஓராண்டு செல்லக்கூடவில்லை. தக்கான் குளக்கரையில் நின்று, உள்ளம் உருகி, தேவராஜ பஞ்சகத்தை விண்ணப்பித்தார். வரதன் கருடாரூடனாய் அங்கேயே ஸேவை ஸாதித்தான் என்பது பெரியோர் வார்த்தை.

அதை நினைவுகூரும் வழக்கம் காஞ்சியில் உண்டு. இன்றும் கருடஸேவையன்று கோபுர வாசலில் பெருமானைக் குடைகளால் ஒரு கணம் மறைக்கின்றனர். அக்கணத்தில் அவன் சோளிங்கபுரத்தில் இருக்கிறான். வெயிலையும் மழையையும் தடுக்கவும், அரசுரிமையைக் காட்டவும் ஏற்பட்ட குடை, இங்கு வராதவன் ஒருவனுக்காகத் தாழ்கிறது. கூடியிருக்கும் ஆயிரக்கணக்கானோர், வர இயலாத ஓரடியார் பொருட்டுத் தம் ஸேவையை ஒரு கணம் விட்டுக்கொடுக்கின்றனர்.

இந்நினைவோடுதான் பெரிய மலைக்கு 2024-ல் வந்த கம்பிவட ஊர்தியையும் நோக்க வேண்டும். படியேறுவதே தவம், அதைச் சுருக்குவது அபசாரம் என்பார் உண்டு. அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை; மூச்சு வாங்க ஏறுபவனுக்குத் தன் சிறுமையும் அவன் பெருமையும் ஒருங்கே புலப்படும். ஆயினும் அதற்கு முன்பும் முதியோரும் நோயாளரும் மலையேறியே வந்தனர். டோலியில், பிறர் தோள்மேல். அவர்கள் செய்யாத தவத்தைச் சுமப்பவரின் தோள்கள் செய்தன. அத்தோள்களின் வலியைக் கணக்கில் கொள்ளாமல் படியின் பெருமை பேசுவது முழுமையாகாது. அதனால் பிழைத்தவரின் ஜீவனத்தை மறந்து ஊர்தியின் பெருமை பேசுவதும் அவ்வாறே.

கடிகை என்பது ஒரு நாழிகை, 24 நிமிஷம். இத்தலத்தில் ஒரு நாழிகைப்போது தங்கினாலே பேறு கிட்டும் என்பது தலபுராணத்தின் துணிவு. புராணம் அளந்தது ஏறும் உயரத்தை அன்று, இருக்கும் பொழுதை. விரைந்து ஏறியவன் விரைந்தே இறங்கிவிட்டால் ஊர்தி அவனுக்குப் பயன்படவில்லை. மிச்சமான பொழுதை ஸந்நிதியில் கழித்தானாகில், அதுவும் தொட்டாசார்யருக்குத் தாழ்ந்த குடையின் வகையைச் சேர்ந்ததே.