நேயர் விருப்பம்

ஜெர்மன் மொழியில் ‘வுன்ஷ்கொன்சர்ட்’ என்றால் நேயர் விருப்பம். நம் விவித் பாரதியிலும் இலங்கை வானொலியிலும் அறிவிப்பாளர் ஊர்ப் பேரையும் ஆள் பேரையும் மூச்சுவிடாமல் வாசித்துவிட்டுப் பாட்டுப் போடுவாரே, அதே சமாசாரம்தான். இந்தப் பெயரில் 1971இல் ஒரு நாடகம் எழுதப்பட்டது. அதில் வானொலி பேசும், பாடும். மேடையில் இருக்கிற ஒரே பாத்திரம் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்காது.

எழுதியவர் ஃப்ரான்ஸ் சேவர் க்ரோட்ஸ். 1946இல் மியூனிக்கில் பிறந்தவர். நடிப்புப் படிப்பைப் பாதியில் விட்டுக் கிடைத்த கூலி வேலையெல்லாம் பார்த்தவர். 1971இல் அவருடைய முதல் நாடகங்கள் மியூனிக் மேடை ஏறியபோது, இதெல்லாம் அசிங்கம் என்று அரங்க வாசலில் கூட்டம் கூடிக் கத்தியது. மறு வருடம் அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், 1980இல் விலகினார். பிற்காலத்தில் ‘கிர் ரோயால்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் கிசுகிசு நிருபராக நடித்து, நாடகம் பார்க்காத வீடுகளிலும் தெரிந்த முகமானார். வாழ்க்கைக்கு வேடிக்கை தெரியும்.

பெயருக்கு நாடகத்தைவிட வயது அதிகம். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் நாஜி வானொலி ஞாயிறுதோறும் படைவீரர்களுக்கான ‘வுன்ஷ்கொன்சர்ட்’ நடத்தியது. போர்முனையில் இருப்பவன் கேட்ட பாட்டை ஊரிலிருக்கும் மனைவியும் கேட்பாள். தேசமே ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு பாவனை. 1940இல் அதே பெயரில் சினிமாவும் வந்து பெரிய ஓட்டம் ஓடியது. க்ரோட்ஸின் நாயகி ராஷுக்கு நாற்பதுக்கு மேல் வயது. கணக்குப் போட்டால் அப்போது அவள் சிறுமியாகவோ இளம்பெண்ணாகவோ இருந்திருப்பாள். நாடகத்தில் இதைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. ஆனாலும் அந்த வானொலியைத் திருகும் கைக்குப் பின்னால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தெரிகின்றன.

கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ராஷ் வேலை முடிந்து தன் ஒற்றை அறைக்கு வருகிறாள். கோட்டை மாட்டுகிறாள், உடை மாற்றுகிறாள், முகம் கழுவுகிறாள். ஒருத்திக்கு மட்டும் மேசை போட்டு, ரொட்டி வைத்துச் சாப்பிடுகிறாள். வானொலியில் நேயர் விருப்பம் ஓடுகிறது. தட்டைக் கழுவித் துடைத்து வைக்கிறாள். கழிப்பறைக்குப் போய் வருகிறாள். கம்பள முடிச்சு வேலையை எடுத்துக்கொண்டு உட்காருகிறாள். படுக்கிறாள். எழுந்துகொள்கிறாள். அன்று இரவே, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், தன் உயிரை முடித்துக்கொள்கிறாள். கதவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், தட்டைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். மேடைக்கென்று எதையும் சுருக்கக்கூடாது. பிரதி முழுக்க அடைப்புக்குறிக்குள் போடுகிற மேடைக் குறிப்பு மட்டுமே.

தற்கொலைகளைப் பற்றிய காவல்துறை அறிக்கைகளில் ஒரு விஷயம் க்ரோட்ஸின் கண்ணில் பட்டது. வீடு ஒழுங்காக இருக்கும், சாமான்கள் அதனதன் இடத்தில் இருக்கும், செத்தவர்களும் மிக ஒழுங்காகச் செத்திருப்பார்கள். இந்த ஒழுங்குதான் அவரை உறுத்தியது. முதலாளியின் பக்கம் திரும்பியிருக்க வேண்டிய ஆத்திரம் சொந்த உடம்பின் பக்கம் திரும்பிவிட்டது என்பது அவர் வாதம். அந்த வாதம் முழுதாக எனக்கு ஒப்பாது. எல்லாத் தனிமைக்கும் முதலாளி பொறுப்பாக மாட்டார். ஆனால் அவள் ஏன் பேசவில்லை என்ற இடத்தில் க்ரோட்ஸ் சொல்வது சரி. மைம் கலைஞன் பேச்சைத் தானாக விட்டவன். ராஷ் விடவில்லை, அவளுக்குப் பேச்சு கொடுக்கப்படவே இல்லை. க்ரோட்ஸின் மற்ற நாடகங்களிலும் ஆட்கள் நாலு வார்த்தை பேசி ஐந்தாவதற்குத் திணறுவார்கள். இங்கே அந்த நாலும் போய்விட்டது, அவ்வளவுதான்.

1973இல் ஷ்டுட்கார்ட்டில் நாடகம் அரங்கேறியது. 1981இல் நியூயார்க்கில் ஜோஆன் அகாலைட்டிஸ் இயக்க, ஜோன் மெக்கின்டாஷ் நடித்தார். மெக்கின்டாஷுக்கு இந்தியா புதிதல்ல. ரிச்சர்ட் ஷெக்னரின் நாடகக் குழு 1976இல் ப்ரெக்டின் ‘மதர் கரேஜ்’ நாடகத்தோடு இங்கே சுற்றியபோது, அந்தத் தாயாக நடித்தது அவர்தான்.

நாடகம் இந்தியா வந்தது வேறு வழியில். கல்கத்தாக்காரரான ரஸ்தம் பரூச்சாவும் இயக்குநர் மானுவல் லுட்கென்ஹார்ஸ்ட்டும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். ஆசியாவில் ஊருக்கு ஒரு பெண், அந்த ஊரின் அறை, அந்த ஊரின் வானொலி. நாடகம் மட்டும் ஒன்றே. 1980களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் ஜோயா சென், பம்பாயில் சுலபா தேஷ்பாண்டே, சென்னையில் சந்திரலேகா. பிறகு பரூச்சா இந்த அனுபவத்தை ‘தியேட்டர் அண்ட் த வேர்ல்ட்’ என்ற தன் நூலில் விரிவாக எழுதினார்.

வசனமே இல்லாத நாடகத்துக்கு மொழிபெயர்ப்பு எதற்கு என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ராஷை மனசுக்குள் மேற்கு மாம்பலத்தில் குடிவைத்துப் பார்த்தேன். முதல் நிமிடத்திலேயே இடித்தது. கோட்டு இல்லை, செருப்பை எங்கே விடுவாள்? வாசலுக்கு வெளியிலா, உள்ளேயா? கைப்பையிலிருந்து எடுப்பது கட்டிய பூவா, கால் கிலோ கத்தரிக்காயா? அடுப்பு கேஸா, ஸ்டவ்வா? குழாயில் அப்போது தண்ணீர் வருமா, இல்லை குடத்திலிருந்து மொள்ள வேண்டுமா? மேசை கிடையாது; தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாளா, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவாளா? சாமி படத்துக்கு விளக்கேற்றுவாளா? ஏற்றினால் அது ராஷின் நாடகமாகவே இருக்காது. ஏற்றாவிட்டால் நம் பார்வையாளர்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வசனத்தை மொழிபெயர்க்க அகராதி உண்டு. இதற்கு ஒரு வீட்டையே மொழிபெயர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் அவள் தனியாக இருப்பது. ஜெர்மனியில் அது பிரதியின் முதல் வரி, யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். இங்கே ‘தனியாத்தான் இருக்கா’ என்று சொன்னால் அதுவே ஒரு கதை. வீட்டுக்காரர் கேட்டிருப்பார், பால்காரர் கேட்டிருப்பார். திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனத்தில் என் பெரியம்மா ஒருத்தி அப்படி இருந்தாள், ஒண்டிக்கட்டை. ஓர் ஆழாக்கு அரிசியைக் களைந்து வைத்துவிட்டு டிரான்சிஸ்டரைத் திருகுவாள். பாட்டுக்காக என்று நான் நினைத்திருந்தேன். பாட்டு ஆரம்பித்ததும் சத்தத்தைக் குறைப்பாள். அறிவிப்பாளர் பெயர்களை வாசிக்கும்போது கூட்டுவாள். யார் யார், எந்த எந்த ஊர். சாப்பிட்ட ஒரே தம்ளரைக் கழுவி, ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு அணைப்பாள். அவளைப் பார்த்திராவிட்டால் க்ரோட்ஸின் நாடகத்தில் வானொலி எதற்கு என்று எனக்குப் புரிந்திருக்காது.

சென்னையில் இந்தப் பாத்திரத்துக்கு நடிகையைத் தேடாமல் நடனக் கலைஞரிடம் போனது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். சந்திரலேகா காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் கற்றவர். பிறகு நடன உலகை விட்டு ஒதுங்கி, 1985இல் ‘அங்கிகா’வோடு திரும்பி வந்தவர். புராணக் கதையையும் நாயகனுக்காகக் காத்திருக்கும் முகபாவத்தையும் கழற்றி வைத்துவிட்டு, உடம்பு நிற்பதையும் உட்காருவதையும் மட்டும் பார்க்கச் சொன்னவர். பரதத்தில் தனியாக இருக்கும் பெண் புதிதல்ல. பதம் முழுக்க அவள்தான். ஆனால் அவள் யாரோ வருவான் என்று காத்திருப்பவள். ராஷ் யாருக்கும் காத்திருக்கவில்லை. பெசன்ட் நகர்க் கடற்கரையோரம் வாழ்ந்த அந்த நடனக்காரிக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

நாடகம் ஐரோப்பாவில் ஓய்ந்துவிடவில்லை. 2008இல் இயக்குநர் கேட்டி மிட்செல் ஜெர்மனியின் கோலோன் நகரில் அதை நேரடிப் படப்பிடிப்பாகவே மாற்றினார். மேடையில் நடப்பதைக் கேமராக்கள் அங்கேயே பிடித்துத் திரையில் காட்டும். அவள் எழுப்பும் சின்னச் சின்ன ஓசைகளையும் அங்கேயே தனியாக உருவாக்குவார்கள். தொழில்நுட்பம் அபாரம். ஆனால் அவ்வளவு பேர் சுற்றி நின்று உழைக்கும்போது தனிமை எங்கே தங்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

யானா ராஸ் 2015இல் போலந்தில் செய்தது அதற்கு நேர் எதிர். நடித்தவர் டானூட்டா ஸ்டென்கா. இயக்குநர் வைடாவின் ‘காட்டின்’ படத்தில் வந்தவர். மறு வருடம் அது நியூயார்க் வரை போனது. அங்கே பார்வையாளருக்கு நாற்காலி வரிசை கிடையாது. அரங்கின் நடுவே அவள் வீடு, அதைச் சுற்றி நாம். எந்தப் பக்கமும் போய் நிற்கலாம், கையெட்டும் தூரம்வரை நெருங்கலாம். அவளுக்கு நாம் இல்லை. அவள் பாட்டுக்குச் சாப்பாட்டை எடுத்து வைக்கிறாள், சாப்பிடுகிறாள். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை.

இதை மாம்பலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டால், பத்தாவது நிமிடம் கூட்டத்திலிருந்து யாராவது ஒரு மாமி கேட்டுவிடுவாள்: “ஏம்மா, இவ்வளவுதானா சாப்பிடறே?”