பள்ளிக்கூடச் சாலையில் கோடு போட்ட கதை



பள்ளிக்கூட வாசலில், தார்ச்சாலையின் குறுக்கே கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரிக்குதிரைக் கோடு என்கிறோம். அதன் மேல்தான் நடந்து கடக்க வேண்டும் என்று ஆசிரியர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். ஆகவே அது பிள்ளைகளுக்காகப் போட்ட கோடு என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். அது வண்டி ஓட்டுகிறவரின் கண்ணுக்காகப் போட்ட கோடு. இது விளங்குவதற்குள் பல்லாயிரம் உயிர்கள் போய்விட்டன.

இடப்பக்கம் ஓட்டுவது முதல் நம் நாட்டுச் சாலை விதிகள் பலவும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. கதையை அங்கேயே தொடங்குவோம்.

1865-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் வந்தது. குதிரை பூட்டாமல் இயந்திரத்தால் ஓடும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், ஊருக்கு வெளியே 4 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடந்து போக வேண்டும். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. ஆபத்தைச் சாலைக்குக் கொண்டு வருகிறவன்தான் எச்சரிக்கையையும் கொண்டு வர வேண்டும் என்பதே அது.

1896-இல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. வேகம் 14 மைலாக உயர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் மோட்டார் காரில் ஆட்களை ஏற்றி ஓட்டிக் காட்டிக் கொண்டிருந்தார்கள். மகளோடு அங்கே வந்திருந்த பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி அதில் அடிபட்டு இறந்தார். பிரிட்டனில் மோட்டார் கார் மோதி உயிர்விட்ட முதல் பாதசாரி அவர்தான். இப்படி ஒன்று இனி நடக்கக் கூடாது என்று மரண விசாரணை அதிகாரி தம் விருப்பத்தைச் சொன்னார். நடந்தது என்ன? வண்டிகள் பெருகின. 1930-இல் கார்களுக்கு வேக வரம்பே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள்! 1934-இல் மட்டும் அந்த நாட்டுச் சாலைகளில் 7,343 பேர் இறந்தார்கள்.

அப்போது போக்குவரத்து அமைச்சராக வந்தவர் லெஸ்லி ஹோர் பெலிஷா. வீடுகள் நிறைந்த பகுதிகளில் 30 மைல் வரம்பும், புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்குக் கட்டாயத் தேர்வும் 1935-இல் நடைமுறைக்கு வந்தன. சாலையைக் கடக்கும் இடங்களில் கறுப்பு வெள்ளைக் கம்பம் நட்டு, உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டை வைத்தார்கள். இதற்கு இன்றைக்கும் பெலிஷா விளக்கு என்றுதான் பெயர். முதலில் வைத்த கண்ணாடி உருண்டைகள் பலவற்றைச் சிறுவர்கள் கல்லெறிந்து உடைத்துவிட்டார்கள். தோட்டத்து மாமரத்தில் நம் பிள்ளைகள் குறிபார்ப்பதைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இராது.

கம்பம் நட்டும் ஒரு குறை இருந்தது. கடக்கும் இடத்தைச் சாலையில் உலோகக் குமிழ்களைப் பதித்துத்தான் காட்டியிருந்தார்கள். நடப்பவருக்கு அவை தெரிந்தன. தூரத்தில் வண்டியில் உட்கார்ந்து வருகிறவருக்குத் தெரியவில்லை. நடப்பவர் பாதுகாப்பு என்று நம்பி இறங்குவார். ஓட்டுநரோ அப்படி ஓர் இடம் இருப்பதே அறியாமல் வருவார். இதைவிட மோசமான ஏற்பாடு வேறென்ன? 1949-இல் பல நிறங்களைப் பூசிச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவில் கறுப்பு வெள்ளைப் பட்டைதான் நெடுந்தூரத்துக்குப் பளிச்சென்று தெரிந்தது. 1951-இல் அது சட்டமாயிற்று.

பள்ளிக்கூடங்களுக்கு அதுவும் போதவில்லை. 1937-லேயே பாத் நகரில் ஓர் அம்மையார் சாலையில் நின்று பிள்ளைகளைக் கடத்திவிடும் வேலையைச் செய்தார். பிறகு வேறு ஊர்களிலும் இப்படி ஆட்களை அமர்த்தினார்கள். கையைக் காட்டினால் வண்டிக்காரர் நிற்பதும் நிற்காததும் அவரவர் நல்ல மனத்தைப் பொறுத்திருந்தது. 1953-இல் வந்த சட்டம் அதை மாற்றியது. பள்ளிக் காவலர் பலகையைத் தூக்கினால் வண்டி நின்றே ஆக வேண்டும்; நிற்காவிட்டால் குற்றம்.

அமெரிக்காவில் வேறு வழி பிறந்தது. 1921-இல் செயின்ட் பால் நகரில் மூத்த மாணவர்களே காவல் நின்றார்கள். அந்த முறையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: மாணவக் காவலர் சாலையில் இறங்கி வண்டியை நிறுத்துவதில்லை. ஓரத்தில் நின்று, வண்டி இல்லாத நேரம் வரும்வரை சின்னப் பிள்ளைகளைத் தடுத்து வைப்பதுதான் அவர் வேலை. நம் பள்ளிகளில் சட்டாம்பிள்ளையாக இருக்கும் தம்பி தங்கைகள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இனி நம் கதைக்கு வருவோம். மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி என்ற பெயரில் ஒரு கொட்டகைதான் பல இடங்களில் இருந்தது. குறைகள் ஆயிரம் உண்டு. ஆயினும் லயத்து வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், செம்மண் பாதையோரத்தில் அது இருந்தது. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பள்ளிகள் மூடப்பட்டன, இணைக்கப்பட்டன. எண்ணிக்கை 530-ஐ ஒட்டிக் குறைந்தது. படிப்பு எப்படி மாறியது என்று பலர் பேசியிருக்கிறார்கள். பாதை எப்படி மாறியது என்று பேசியவர் குறைவு. பெரிய சாலையின் பக்கமே போகாமல் படித்து முடித்தவர்களின் பேரப்பிள்ளைகள், லாரிகள் பறக்கும் சாலையைத் தாண்டிப் பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று. பால்மரம் வெட்டவும், செம்பனைக் குலை அறுக்கவும் விடிவதற்கு முன்பே போய்விடும் தாய் தகப்பனால் கைபிடித்துக் கடத்திவிட முடிவதில்லை.

'பார்த்துப் போ' என்று சொல்லி அனுப்புகிறோம். சிறு பிள்ளைக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது. வண்டி வருவதைக் காணும். எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கும் திறன் அந்த வயதில் வளர்ந்திருக்காது. உயரமும் போதாது. நிற்கும் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து அது எட்டிப் பார்க்கும்போதே பாதி உடல் சாலைக்கு வந்துவிடும். அதனால் பஸ் போன பிறகு கடக்கச் சொல்லுங்கள். முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், மறுபடியும் வலப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

நம்மில் லாரி ஓட்டுகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில கணக்குகள். பிரிட்டிஷ் சாலை விதி நூலின்படி, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டதிலிருந்து நிற்பதற்குள் 23 மீட்டர் ஓடிவிடும். 96 கிலோமீட்டர் என்றால் 73 மீட்டர். 32 கிலோமீட்டருக்குக் குறைத்தால் 12 மீட்டர் போதும். இது காய்ந்த சாலைக்குச் சொன்னது. மழை பெய்தால் தூரம் கூடும். சுமை ஏற்றிய லாரிக்கும் கூடும்.

ஹாலந்து நாட்டில் 1971-இல் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்தார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972-இல் அதைப் பற்றி எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது அவர் இட்ட தலைப்பு. விபத்து என்ற சொல்லை அவர் ஏற்கவில்லை. அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர்கள் தெருக்களை மறித்து, பிள்ளைகளை அங்கே விளையாட விட்டார்கள். 1976-இல் குடியிருப்புத் தெருக்களில் வண்டிகள் மனிதர் நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும் என்ற விதி அங்கே சட்டமாயிற்று. சிவப்புக் கொடிக்காரர் நடந்து போன வேகமும் ஏறத்தாழ அதுதான்.