அவையோர் உடம்பும் அரங்கிசையும்

மேலைநாட்டு இசையரங்கில் இசைப்போர் வேறு, கேட்போர் வேறு என்னும் பகுப்பினைச் சென்ற நூற்றாண்டின் இரு முயற்சிகள் அசைத்தன. ஒன்று, அவையோரையே இசைக்க அழைத்தது. மற்றொன்று, உடம்பினுள் எழும் மின்னசைவுகளை உணர்கருவிகளால் ஒலியாக்கியது. பின்னர் இவை கலந்தமையின், இரண்டும் ஒன்றே என மயங்குதற்கு இடமுண்டு. வேறென்பதே எம் கருத்து.

அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் 1965ஆம் ஆண்டு ஆல்வின் லூசியர் நிகழ்த்திய 'தனிக்கலைஞர்க்கான இசை' முதற்கண் நோக்கத்தக்கது. இயற்பியலறிஞர் எட்மண்ட் டீவன் உதவிய கருவிகளைக் கொண்டு, தலையில் மின்வாய்களைப் பொருத்தி லூசியர் வாளா அமர்ந்திருந்தார். மூளையின் ஆல்பா அலை நொடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை அசைவது, செவிக்கு எட்டாதது. அதனைப் பெருக்கி ஒலிபெருக்கிகளிற் செலுத்த, அவற்றின் அதிர்வால் அருகிருந்த முரசு முதலியன முழங்கின. கண்மூடி உள்ளம் அடங்கிய வழியே அவ்வலை மிகும். ஒன்றனை உற்று நோக்கின் குன்றும். எனவே, இசைக்க முனையின் இசை நிற்கும். இதனை மெய்ப்பாடு எனலாமோ எனின், ஆகாது. மெய்ப்பாடு காண்பார்க்குத் தானே புலனாவது, இவ்வலையோ கருவியின்றிப் புலப்படாதது.

1966இல் உரோமை நகரில் அமெரிக்க இசைஞர் சிலர் 'மூசிகா எலெத்ரோனிகா விவா' என்னும் குழுவினை அமைத்தனர். இரு முயற்சிகளும் இக்குழுவிலேயே அருகருகே வளர்ந்தன. ரிச்சர்டு டைட்டல்பாம் 1967இல் மூளையலை, இதயத்துடிப்பு, மூச்சு ஆகியவற்றை மூக் மின்னிசைக் கருவியிற் செலுத்தினார். பிரெடரிக் ஜெவ்ஸ்கியின் 'ஒலிக்குளம்' (1969) அவையோரைத் தத்தம் ஒலியுடன் வந்து கலக்குமாறு அழைத்தது. வல்லார் தம் திறனைக் காட்டாது மெல்லியார்க்குத் துணையாய் இசைக்க வேண்டும் என்பது அதன் நெறி. அந்நெறியைக் கொள்ளவும் தள்ளவும் அவையோர்க்கு உரிமையுண்டு. துடிப்பை அளக்கக் கொடுத்தவர்க்கு அவ்வுரிமை யாது?

டேவிட் ரோசன்பூம் 1970இல் நியூயார்க்கில் அமைத்த 'தோலின் சூழலியல்' இவ்வினாவிற்கு ஒருவாறு விடை தருகின்றது. ஆண்டுக் கலைஞருடன் அவையோர் சிலருடைய மூளையலையும் இதயக்குறியும் இசையாயின. தம் உடம்பின் குறியைத் தாமே கேட்பவர், பழக்கத்தால் அதனை ஓரளவு மாற்றவும் வல்லராவர். அவ்வாறு மாற்ற இயலும் இடத்தேதான் பங்கேற்பு உளதாகும் என்று துணிகின்றோம். பலர் துடிப்பினையும் கூட்டி ஒரே ஒலியாக்குமிடத்துத் தமது எது எனப் பிரித்தறிதல் எவர்க்கும் அரிது. ஆண்டு அவையோர் இசைக்கருவியே ஆவர், இசைஞர் ஆகார்.

டாட் மேக்கோவரின் 'மூளை இசைநாடகம்' (நியூயார்க், 1996) உணர்கருவிகள் நிறைந்ததாயினும், கையசைவாலும் தொடுதலாலும் தாம் எழுப்பிய ஒலியை அவையோர் உடனே கேட்டமையின், அதனை லூசியர் வழியில் வைக்காது 'ஒலிக்குளத்தின்' வழியிலேயே வைத்து எண்ணுகின்றோம்.