ஹெபடைடிஸ் சி வைரஸ் புரதங்களின் மரபு வேறுபாடு

ஹெபடைடிஸ் சி வைரஸ் நோயாளியின் உடலில் பெருகும்போது அதன் புரதங்களில் அமினோ அமில மாற்றங்கள் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. 1989இல் கண்டறியப்பட்ட இவ்வைரஸ் கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் தங்கி நாட்பட்ட அழற்சியை உண்டாக்குவதற்கு இம்மாற்றங்கள் முக்கியக் காரணம்.

தோன்றும் விதம்

இவ்வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 9,600 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. அதிலிருந்து உருவாகும் சுமார் 3,000 அமினோ அமில நீளமுள்ள சங்கிலி, 10 புரதங்களாக வெட்டப்படுகிறது. ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் என்.எஸ்.5பி நொதிக்குப் பிழை திருத்தும் திறன் கிடையாது. நாளொன்றுக்கு லட்சம் கோடி என்ற அளவில் வைரஸ் துகள்கள் உற்பத்தியாவதால், ஒரே நோயாளியிடம் சிறுசிறு வேறுபாடுகளுடன் ஏராளமான வகைகள் சேர்ந்தே இருக்கின்றன.

அதிகம் மாறும் பகுதி

மாற்றம் மிகுந்திருப்பது இ2 என்னும் உறைப்புரதத்தின் தொடக்கத்திலுள்ள 27 அமினோ அமிலங்களில்தான். எதிர்ப்பொருள்கள் முதலில் குறிவைக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. உடல் ஒரு வடிவத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியதும், அதற்குப் பிடிபடாத வேறு வடிவம் பெருகிவிடுகிறது. எதிர்ப்பொருள் சுரக்க இயலாத நோயாளிகளிடம் இப்பகுதி மிகக் குறைவாகவே மாறுவது இதற்குச் சான்று. ஆயினும் மாற்றம் வரம்பற்றதன்று. இப்பகுதியின் நேர்மின் தன்மை பெரும்பாலும் காக்கப்படுகிறது.

டி செல்களிடமிருந்து தப்புதல்

அயர்லாந்தில் 1977–78இல் ஆர்.எச். நெகட்டிவ் தாய்மார்களுக்குத் தரப்பட்ட, மாசுபட்ட ஆன்டி-டி ஊசிமருந்தால் பல பெண்களுக்கு ஒரே மூலத்திலிருந்து தொற்று பரவியது. சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய வைரஸ்கள் ஒப்பிடப்பட்டன. அவரவர் எச்.எல்.ஏ. எனும் திசுப்பொருத்த மரபணு வகைக்கேற்ப, தொற்றுற்ற செல்களை அழிக்கும் டி செல்கள் இனங்காணும் இடங்களில் மாற்றங்கள் ஏற்பட்டிருந்தன.

மருத்துவ முக்கியத்துவம்

என்.எஸ்.5ஏ புரதத்தின் 93ஆம் இடத்தில் டைரோசினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்தால், டக்ளாட்டாஸ்விர் போன்ற மருந்துகளின் வீரியம் குறைகிறது. சோபோஸ்புவிர் என்ற மருந்தை எதிர்க்கும் என்.எஸ்.5பி மாற்றமோ வைரஸின் பெருகும் திறனையே குறைப்பதால் அரிதாகவே நிலைக்கிறது. வெவ்வேறு புரதங்களைத் தாக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதால், 8 முதல் 12 வாரச் சிகிச்சையில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர்.

உறைப்புரதங்கள் ஓயாமல் மாறுவது தடுப்பூசி முயற்சிகளுக்குப் பெருந்தடையாக உள்ளது. இந்நோய்க்கு இதுவரை தடுப்பூசி இல்லை. குணமானவர்களுக்கும் மீண்டும் தொற்று வரலாம். எனவே அவர்களும் பிறர் பயன்படுத்திய ஊசிகளையும் பரிசோதிக்கப்படாத ரத்தத்தையும் தவிர்ப்பது இன்றியமையாதது.