லா ஹூக் போர் (செப்புத்தகட்டுச் செதுக்கோவியம்)

ஆங்கிலேயச் செதுக்குக் கலைஞர் வில்லியம் வூலெட் 1781-இல் வெளியிட்ட கடற்போர்க் காட்சி. பெஞ்சமின் வெஸ்ட் தீட்டி 1780-இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்த எண்ணெய் ஓவியத்தைப் பின்பற்றியது. 1692-இல் நார்மண்டிக் கரையோரம் லா ஹூக்கில் ஒதுங்கிய பிரெஞ்சுப் போர்க்கப்பல்களை ஆங்கில, டச்சுப் படகுகள் நெருங்கித் தீக்கிரையாக்கியதே இதன் பொருள்.

முன்னணியில் படகுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, வீரர்கள் கைகலக்கிறார்கள். ஆங்கிலத் துணைத் தளபதி ஜார்ஜ் ரூக் மட்டும் படகில் நிமிர்ந்து நின்று வாளை உயர்த்துகிறார். அந்தக் கம்பீரம் சற்று மிகைதான். பின்னே தெரியும் ‘அரசச் சூரியன்’ என்ற பிரெஞ்சுத் தலைமைக் கப்பல் இந்தத் தாக்குதலுக்கு முன்பே ஷெர்பூரில் எரிந்துவிட்டது. சூரியன் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் சின்னம் என்பதால் வெஸ்ட் அதை வேண்டுமென்றே இங்கே கொண்டுவந்தார்.

வண்ணம் இல்லாத குறையை வூலெட் கோடுகளாலேயே ஈடுசெய்தார். முதலில் அமிலத்தால் தகட்டை அரித்து, பிறகு செதுக்கு உளியால் கோடுகளை ஆழப்படுத்துவது அவர் முறை. அலைக்கு வளைகோடு, புகைக்கு மெல்லிய கோடு, நிழலுக்குக் குறுக்குக்கோடு என்று கோட்டின் போக்கே பொருளைக் காட்டும். பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையால் அழுத்தினால் படம் பதியும். தகடு தேயத் தேய நுண்கோடுகள் மங்கும். எனவே முதற்பதிவுகளுக்கே சேகரிப்பாளரிடம் மதிப்பு அதிகம். புகையின் கோடுகள் மெல்லியவை என்பதால், பார்வையாளர் முதலில் கவனிக்க வேண்டியது புகைப்பகுதியை.